நாற்பத்து மூன்றின் நாற்காலி

பிப்ரவரி 3, செவ்வாய்

பன்னிரண்டாம் எண் அறை இன்றிலிருந்து என் பொறுப்பு. அதைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த அக்கா பிரசவத்துக்குப் போய்விட்டார். நாலு மணிக்கு மேல் மூன்றாம் மாடிக் கழிப்பறைகளும் எனக்குத்தான்.

அறையில் ஆறு மேசைகள், முப்பது நாற்காலிகள். செவ்வாயும் வியாழனும் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை கணக்கு மிஸ் அங்கே பிள்ளைகளுடன் உட்காருகிறார். இந்தக் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்களாம். அதனால் இந்த வருடம் ஆசிரியர்களே ஐந்து திட்டங்கள் ஆரம்பித்திருக்கிறார்கள். கீழே பலகையில் ஒட்டியிருக்கிறது. மிஸ்ஸின் திட்டத்துக்கு 'மாலை மேசை' என்று பெயர். முதல் தேர்வில் கணக்கில் விழுந்த அறுபது பேர், வெவ்வேறு துறைகள். முப்பத்தொன்று முதல் அறுபது வரை இந்த அறை.

மூன்றரைக்கு மேசைகளைத் துடைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஓர் அட்டையை நிறுத்த வேண்டும். நடுவில் மடித்த கெட்டி அட்டை, கூடாரம் மாதிரி நிற்கும். அதில் எண் மட்டும். பெயர் எழுதினால் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்கு யார் பெயில் என்று தெரிந்துவிடுமாம். வந்து உட்காருகிறவர் தன் அட்டையைப் படுக்க வைக்க வேண்டும். கடைசிவரை நிற்கும் அட்டை வராத பிள்ளை. தொடர்ந்து இரண்டு முறை நின்றால் மிஸ் அந்தப் பிள்ளைக்குத் தானே ஃபோன் செய்வார்.

மேற்பார்வையாளர் இதையெல்லாம் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்றார். தலையாட்டினேன். "எத்தனை மணிக்கு அட்டை வைக்கணும்?" அதற்கும் தலையாட்டினேன். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற சித்தி, "இவ தலையாட்டுறத மட்டும் நம்பிடாதீங்க சார். கழுத்துல ஸ்பிரிங் வச்சுப் பெத்துட்டா எங்கக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பயம் வந்தால் என் தலை தானாக ஆடும். நான் என்ன செய்ய?

ஐந்தரைக்குப் போனபோது நான்கு அட்டைகள் நின்றன. 38, 43, 51, 56.

சுவரில் மிஸ்ஸின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'இங்கே தெரியாது என்று சொல்லலாம்.'

பிப்ரவரி 5, வியாழன்

43 இன்றும் நின்றது. அவள் ஒரு நாள்கூட வந்ததில்லை என்று சொன்னார்கள்.

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. மிஸ் ஃபோனில் பேசினார். "ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி, உனக்குன்னே போட்டு வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வருவியா? ம்னு சொன்னா பத்தாது, வரேன்னு வாயால சொல்லு." பிறகு, "அவ்வளவுதான், போதும். வா."

மாப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு போக வெட்கமாக இருந்தது. எங்கே விட்டேன், எங்கிருந்து பிடிப்பது, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. யாராவது வந்து கூப்பிட்டால் போய்விடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் யூனிஃபார்மைத் துவைத்து மடித்தே வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. அப்புறம் அது தங்கைக்கு அளவு சரியாக இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வாளி கவிழ்ந்து என் நீலக் கோட்டு, முகமூடி, தலைத்துணி எல்லாம் அழுக்குத் தண்ணீர். சித்தி அலசிக் காயப்போட்டாள். அதனால் கோட்டு இல்லை, முகமூடி இல்லை, தலைத்துணியும் இல்லை. வீட்டிலிருந்து போட்டு வந்த உடையோடு அட்டைகளை வைத்தேன்.

ஜன்னல் பக்கத்து நாற்காலி ஆடியது. 43-இன் நாற்காலி. இன்று அவள் வருகிறாள், முதல் நாளே ஆடினால் எப்படி? காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்குக் கீழே செருகினேன். ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். கை பட்டு அட்டை சாய்ந்தது.

அப்போதுதான் மிஸ் உள்ளே வந்தார். பத்து நிமிடம் முன்னதாக.

"வந்துட்டியா! நாப்பத்திமூணுதானே?"

தலை ஆடியது.

"ஃபோன்லயும் குரல் வரல, நேர்லயும் அப்படித்தானா? சரி சரி, பயப்படாதே" என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித் தோளைத் தட்டினார். அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். அதையாவது எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறேன்.

எழுந்திருக்க வேண்டும், 'நான் கூட்டுறவ மிஸ்' என்று சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்குள் மேசை நிறைந்துவிட்டது. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், 42. எதிரே கால் மடக்க இடமில்லாமல் ஒரு நெட்டையன், 44. அவர்கள் எண்ணையே பெயராக வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். "நாப்பத்திமூணு, உனக்காக மிஸ் எத்தனை நாள் தவம் இருந்தாங்க தெரியுமா?" என்றான் நெட்டையன்.

விகிதக் கணக்கு. ஒரு பங்கு மருந்து, ஒன்பது பங்கு தண்ணீர். கலவையில் மருந்து எத்தனையில் ஒன்று? நெட்டையன் ஒன்பதில் ஒன்று என்றான். கண்ணாடிக்காரியும் அதையே எழுதினாள். நான் தினமும் பினாயில் கலக்குகிறேன். ஒரு கப் பினாயில், ஒன்பது கப் தண்ணீர். வாளியில் இருப்பது பத்து கப். "பத்துல ஒண்ணு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"எப்படி?" என்றாள் கண்ணாடிக்காரி.

"மொத்தம் பத்து கப் ஆயிடுதுல்ல?"

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நடுவில் கதவுக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. மேற்பார்வையாளர் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது இல்லை.

ஐந்தரைக்கு எல்லோருடனும் வெளியே போய், மாடிப்படி வரைக்கும் நடந்து, திரும்பி வந்து அறையைக் கூட்டினேன்.

உண்மையான 43 ஏன் வரவில்லை?

பிப்ரவரி 12, வியாழன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் உட்காராவிட்டால் அட்டை நிற்கும். இரண்டு முறை நின்றால் மிஸ் ஃபோன் செய்வார். செய்தால், 'நான் வரவே இல்லையே மிஸ்' என்று அவள் சொல்லிவிடுவாள். அப்புறம் நான் யார் என்று தேடுவார்கள். சித்தி ஒன்பது வருடமாக இங்கே வேலை செய்கிறாள். என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

கோட்டைக் கழற்றி மாப்புக்குப் பின்னால் ஒளித்தேன். உட்கார்ந்தேன். அட்டையைப் படுக்க வைத்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கண்ணாடிக்காரி எனக்காக ஒரு பேனா கொண்டுவந்திருந்தாள். போன முறை நான் பென்சில் துண்டால் எழுதியதைப் பார்த்திருக்கிறாள். "எந்த ஹாஸ்டல்டி நீ? ஒரு நாள்கூட உன்னை வெளியில பாத்ததே இல்ல." வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன். அது பொய் இல்லை.

நேற்று காலை அவள் வராந்தாவில் நான் துடைத்த இடத்தின் மேலேயே நடந்து போனாள். முகமூடியோடு நின்றிருந்தேன். "சாரிக்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். பார்க்கவில்லை. இந்தக் கோட்டுக்குள் யாருக்கும் முகம் கிடையாது. நல்லதுதான். இப்போது அதுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

அறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'திரும்பி வந்தவர்கள் 7'. மிஸ் அதைக் காட்டி, "இதுல உன்னாலதான் எனக்குச் சந்தோஷம்" என்றார். தாளைப் பார்க்காமல் நோட்டைத் திறந்தேன்.

ஆனால் எழுதியே ஆக வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் பயத்துக்கு நடுவில் வேறு ஒன்றும் இருக்கிறது. கணக்கு சரியாக வரும்போது காதுக்குள் சத்தம் நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

மூன்றாம் மாடிக் கழிப்பறையைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் சித்தியைக் கூப்பிட்டுக் கத்தினார். "உன் அக்கா பொண்ணு நாலு மணிக்கு மேல எங்க போய்த் தொலையறா?" சித்தி, "வயித்து வலி சார், சொல்லக் கூச்சப்படுறா" என்று சமாளித்தாள். பிறகு என்னைத் தனியாக இழுத்துப்போய், "யாரையாவது பாக்கப் போறியா? உண்மையைச் சொல்லுடி" என்றாள்.

தலையை இல்லை என்று ஆட்ட நினைத்தேன். எந்தப் பக்கம் ஆடியது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று மிஸ் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"மத்த வகுப்புக்கெல்லாம் நீ போறதே இல்லையாமே? ஆபீஸ்ல உன் பேர் லிஸ்ட்ல வந்திருச்சு. வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கறதா இருந்தாங்க. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். அவ என்கிட்ட தவறாம வர்றா, நான் பாத்துக்கறேன்னு. பயப்படாதே, வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க."

வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள்.

என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். தேர்வுக்குப் பதிவு செய்யும் படிவம். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து போட்டுக் கொடுக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது, பெயரை எடுத்துவிடுவார்கள், இந்த வருடம் போனதுதான். மேலே அந்தப் பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, ஃபோன் எண்.

"இங்கயே போட்டுடேன்" என்று பேனாவை நீட்டினார். "அப்பாகிட்ட காட்டிட்டு..." என்று முனகினேன்.

படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை நாள் மாட்டிக்கொள்வேனோ என்று மட்டும்தான் பயந்தேன். எவ்வளவு சுயநலம். அவள் எங்கேயோ இருக்கிறாள். அவளைத் தேடுகிறவர்கள் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் அவள் கிடைத்துவிட்டாள்! ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்!

நானே கையெழுத்து போட்டுவிட்டால்? அவளுடைய இடம் பிழைக்கும். ஐயோ, என்ன யோசனை இது. அவள் பெயரையும் எழுதிவிட்டால் அவளிடம் வேறு என்ன மிச்சம் இருக்கும்?

பிப்ரவரி 25, புதன்

சாப்பாட்டு நேரத்தில் சித்தியின் ஃபோனை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனேன். படிவத்தில் இருந்த எண்ணை அழுத்தினேன். 'வெள்ளிக்குள் வந்து கையெழுத்து போடு' என்று ஒரே வரி சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று பத்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மிஸ்ஸா?"

ஃபோனை இன்னும் இறுக்கிக் காதில் அழுத்தினேன்.

"மிஸ், நீங்கதானே? நீங்க மறுபடி கூப்பிடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் மிஸ்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நான் பொய் சொல்லல. அன்னிக்கு வந்தேன். பஸ் லேட்டு. கதவு வரைக்கும் வந்து கண்ணாடி வழியா பாத்தேன். ஜன்னல் பக்கம்னு சொன்னீங்கல்ல, அங்க வேற யாரோ உக்காந்திருந்தாங்க. எல்லாரும் பேசிட்டிருந்தாங்க. சரி, நமக்குப் பதிலா வேற ஆளை எடுத்துட்டாங்கன்னு வந்துட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

அந்த முகம். மேற்பார்வையாளர் இல்லை. அவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்திருந்தால், எழுந்து போய்க் கதவைத் திறந்திருந்தால்...

மாலையில் பேருந்தில் சித்தியின் ஃபோன் அடித்தது. அவள்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். "எந்த மிஸ்ஸு? இங்க மிஸ்ஸெல்லாம் இல்லம்மா, நாங்க கிளீனிங்" என்றாள் சித்தி. வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடனே புரிந்துகொண்டாள், ஏதோ பெரிதாக இருக்கிறது என்று. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "ஒன்பது வருஷம்டி. ஒன்பது வருஷமா ஒரு பேர் கெட்டுப் போகாம வேலை பாக்கறேன். நீ போய் காலேஜ் பொண்ணாட்டம் உக்காந்துட்டு வந்திருக்கே!"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "வாயைத் தொறக்காதே. நாளையிலேர்ந்து அந்த ரூமுக்குள்ள உக்காராதே, அவ்வளவுதான். அட்டை நிக்கும், அந்தம்மா ஃபோன் பண்ணும், அந்தப் பொண்ணு வரும். உன்னை யாருக்குத் தெரியும்?"

நன்றாகத்தான் இருந்தது கேட்க. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு முறை நின்றால்தான் ஃபோன். நாளை ஒன்று, அடுத்த செவ்வாய் இரண்டு. படிவத்துக்குக் கடைசி நாள் இந்த வெள்ளி.

பத்தாது சித்தி. நாலு நாள் குறைகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

மூன்றரைக்கு அட்டைகளை வைத்தேன். கோட்டு, முகமூடி, தலைத்துணி எல்லாம் போட்டிருந்தேன். வேலை முடிந்தும் போகவில்லை. 43-இன் நாற்காலிக்குப் பின்னால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் வந்தார். "என்னம்மா, இன்னும் முடியலையா?"

ஒவ்வொரு முறையும் என் தோளைத் தட்டுகிறவர். அடையாளம் தெரியவில்லை.

முகமூடியை இறக்கினேன்.

அவர் சிரித்தார் முதலில். விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கோட்டைப் பார்த்தார். "இது... பார்ட் டைமா வேலை பாக்கறியா?"

தலை ஆடப் பார்த்தது. ஆம் என்று ஆட்டிவிட்டால் இன்னும் ஒரு நாள் தப்பிக்கலாம். இரண்டு கையாலும் நாற்காலியை அழுத்திக்கொண்டேன்.

"நான் நாப்பத்திமூணு இல்ல மிஸ்."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டது. அவ வந்தா மிஸ். கதவு வரைக்கும் வந்தா. நான் உக்காந்திருந்ததப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா. இந்தாங்க படிவம், நான் கையெழுத்து போடல. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க, முதல்ல அவளைக் கூப்பிடுங்க. சித்திக்கு ஒண்ணும் தெரியாது மிஸ். கூப்பிடுங்க மிஸ், நாளைக்குக் கடைசி.

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதையில் வருவது போல என்னைக் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. முகம் வெளுத்துப்போய், "ஆபீஸ்ல நானே போய்ச் சொன்னேனே... யாரும் போக வேணாம்னு நானே சொன்னேனே" என்று இரண்டு தடவை சொன்னார். என்னைப் பார்த்து, "ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கத்தினார். சுவரில் அவருடைய வரி. இங்கே தெரியாது என்று சொல்லலாம். 'நான் இல்லை' என்று சொல்லலாம் என்று அதில் எழுதவில்லை. இதை நான் சொல்லவில்லை, நினைத்தேன்.

பிறகு சுவரில் 'திரும்பி வந்தவர்கள்' தாளைப் பார்த்து, "நானும் கேக்கல. எனக்கு ஆள் வந்தாப் போதும்னு இருந்துச்சு" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

என்னால்தான். நேற்று 'மிஸ்ஸெல்லாம் இல்லை' என்று கேட்ட பிறகு இனி எந்த ஃபோனை எடுப்பாள்?

அதற்குள் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்காரி கோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க... இங்க வேலை பாக்கறவங்களா?"

போன வாரம் 'டி' போட்டுப் பேசியவள். இன்று 'நீங்க'. அவளை நான் குறை சொல்லவில்லை. மரியாதைதான் கொடுத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் கொடுத்த பேனாவை மேசையில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மேற்பார்வையாளர் நடந்ததையெல்லாம் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். "திங்கட்கிழமை வா, சொல்றோம்" என்றார். அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

சித்தி பேசவில்லை.

மணி ஐந்து. படிவம் வாங்கும் ஆபீஸை இப்போது மூடியிருப்பார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

ஊரிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள். வேலை எப்படிப் போகுது என்று கேட்டாள். நல்லாப் போகுது என்றேன். சித்தி பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது. காட்டிக்கொடுக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

வேலை போகவில்லை. எனக்கு இனி லேப் கட்டடம், மாதக் கடைசிவரை கண்காணிப்பு. சித்திக்கு எச்சரிக்கைக் கடிதம். ஒன்பது வருடத்தில் முதல் கடிதம். அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாலு நாளாகப் பேசாதவள் பேருந்தில் தானாகவே ஆரம்பித்தாள், ஜன்னலைப் பார்த்தபடி. ஆபீஸ் பியூன் சொன்னானாம். கணக்கு மிஸ் வெள்ளிக்கிழமை வகுப்பையெல்லாம் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி எங்கோ போனாராம். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடி வந்தாராம். ஒரு படிவத்தைக் கொடுத்தாராம்.

"கையெழுத்து இருந்துச்சா சித்தி?"

"இல்லாத படிவத்துக்கா செருப்பைக் கழட்டி ஓடுவாங்க? கேக்கறா பாரு கேள்வி."

அந்தப் பெண் வரப்போகிறாளா என்று மட்டும் பியூனுக்குத் தெரியவில்லை. கையெழுத்து போடுவது வேறு, அந்தக் கதவைத் திறப்பது வேறு. எனக்குத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

லேப் கட்டடத்திலிருந்து பன்னிரண்டாம் அறையின் ஜன்னல் தெரிகிறது. திரை போட்டிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

எனக்குப் பதிலாக அந்த மாடியைப் பார்க்கும் அக்காவுக்குக் காய்ச்சல். ஒரு நாளைக்கு மட்டும் என்னை அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் விரலை நீட்டி, "அட்டையை வச்சமா, வந்தமா" என்றார்.

அட்டைகளை வைத்தேன். ஜன்னல் பக்கத்து நாற்காலி மறுபடியும் ஆடியது, காகிதம் நசுங்கிவிட்டது. புதிதாக மடித்து வைத்தேன். இந்த முறை உட்கார்ந்து பார்க்கவில்லை. கையால் அழுத்திப் பார்த்தேன். 'திரும்பி வந்தவர்கள்' தாளில் 7-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதியிருந்தது. மிஸ்ஸின் கையெழுத்து.

நாலு மணிக்கு வெளியே வந்து வராந்தாவைத் துடைத்தேன். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நாலு பத்துக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கதவுக்கு முன்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு அடி பின்னால் வைத்தாள்.

நான் மாப்பைச் சுவரில் சாய்த்தேன். அவளிடம் போனேன். "காலியாத்தான் இருக்கு" என்றேன். "ஜன்னல் பக்கம். கொஞ்சம் ஆடும், பேப்பர் வச்சிருக்கேன்."

திரும்பிப் பார்த்தாள். என்னைவிடக் குள்ளம். "அன்னிக்கு ஃபோன் பண்ணிட்டுப் பேசாம வச்சது..." என்றாள்.

தலையாட்டவில்லை. "நான்தான்" என்றேன். "உன் இடத்துல உக்காந்திருந்ததும் நான்தான்."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "உள்ள திட்டுவாங்களா, லேட்டா வந்ததுக்கு?" என்று கேட்டாள். அவளுடைய பயம் அவளுக்கு.

"மாட்டாங்க" என்று கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே போனதும் விட்டேன். கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்குக் கூட்டப் போனேன். ஓர் அட்டைகூட நிற்கவில்லை. 43-ஐ எடுத்துப் பார்த்தேன், மடிப்பு கொஞ்சம் நைந்திருந்தது, யாரோ ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தது போல.

மிஸ் எப்போதும் பலகையைத் தானே துடைத்துவிட்டுத்தான் போவார். இன்று ஓரத்தில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு பங்கு மருந்து, பதினான்கு பங்கு தண்ணீர். கலவையில் மருந்து எத்தனையில் ஒன்று? கீழே விடைக்கு இடம் விட்டு ஒரு கோடு. கோட்டுக்கு நேர் கீழே, பலகைச் சட்டத்தின் மேல், நான் மேசையில் விட்டுவந்த கண்ணாடிக்காரியின் பேனா.

மறந்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டையுமே.

வாளியைக் கீழே வைத்தேன். மனதுக்குள் கப் கப்பாக ஊற்றிப் பார்த்தேன். சுண்ணக்கட்டியை எடுத்து, கோட்டின் மேல் 'எட்டில் ஒன்று' என்று எழுதினேன். என் எழுத்து பெரிதாக, கோணலாக இருக்கிறது. யார் பார்த்தாலும் தெரியும், அந்த அறையில் யாருடைய எழுத்தும் இல்லை அது என்று.

துடைக்காமல் பூட்டினேன். நாளைக்கு யார் எழுதியது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டும்.